நான் அடித்த இரண்டு சொற்கள்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை. முதலிலேயே மன்னித்துவிடுங்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், தமிழ்த் தட்டச்சில் இளநிலை பாஸ். இதுவரை நானாக எழுதியவை விடுப்பு விண்ணப்பங்களும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய கடிதங்களும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. தண்ணீர் லாரி வந்ததா என்று பக்கத்து வீட்டம்மா கேட்டால்கூட தலையைத்தான் ஆட்டுவேன். இது படித்தவர்கள் எழுத வேண்டிய விஷயம். ஆனால் இதில் சம்பந்தப்பட்ட படித்தவர்களில் ஒருவர் ஏற்கெனவே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். மற்றவர்கள் வாயே திறக்கமாட்டார்கள்.

பூந்தமல்லியைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை. ஆபீஸ் அசிஸ்டென்ட் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். டீ கொண்டுபோவது, ஃபைல் கொண்டுபோவது, தமிழில் ஏதாவது அடிக்க வேண்டியிருந்தால் அடிப்பது. காட்டுப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு அங்கே ‘பழங்குடி மாணவர் ஆதரவு மையம்’ என்று ஒரு அறையைத் திறந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். சுவரில் வில்லும் அம்பும் வைத்த ஆட்கள் வட்டமாக ஆடுவதுபோல் பெயின்ட் அடித்தார்கள். கண்காட்சியில் வாங்கிய இரண்டு மூங்கில் கூடைகளை ஆணியில் மாட்டினார்கள். அறைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னைப் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து உடைந்த நாற்காலிகள் வந்தன. அப்புறம் பழைய விடைத்தாள் மூட்டைகள் வந்தன. ஆட்டம் ஆடுகிற ஆட்களின் இடுப்பு வரைக்கும் மூட்டை. எந்த மாணவரும் வரவில்லை. ஆய்வுக் குழு வரும் நாட்களில் மட்டும் மூட்டைகளை மாடிப்படிக்கு அடியில் தள்ளுவோம்.

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் ஒருவர் இருளர் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கிளம்பினார். ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் அவர்கள் பறிக்கிற கீரை, தோண்டுகிற கிழங்கு, மருந்துக்கு எடுக்கிற வேர், இவற்றைப் பற்றி. மனிதர்களிடம் கேட்டு எழுதும் ஆராய்ச்சி என்றால் அவர்கள் சம்மதத்தை எழுதி வாங்க வேண்டுமாம். அதைப் பார்ப்பதற்கு நெறிமுறைக் குழு என்று ஒன்று உண்டு. அதற்கான படிவத்தை ஆங்கிலத்தில் கொடுத்து, “தமிழ்ல போட்டுடும்மா. கமிட்டிக்குத்தான், யாரும் படிக்கப்போறதில்ல” என்றார்.

தலைப்பில் ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் கன்சென்ட்’ என்று இருந்தது. ஃபோனில் ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். கன்சென்ட்டுக்கு ஒப்புதல். ஸ்டேட்மென்ட்டுக்கு நாலைந்து சொற்கள் வந்தன, அதில் கனமாக இருந்ததை எடுத்தேன். இரண்டையும் சேர்த்து, தடித்த எழுத்தில் நடுவில் அடித்தேன்.

ஒப்புதல் வாக்குமூலம்.

எங்கேயோ படித்த சொல்லாக இருக்கிறதே என்று தோன்றியது. எங்கே படித்தேன் என்று யோசிக்கவில்லை. என் தமிழை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முனைவர் பட்டம் வாங்கிய ஐந்து பேர் உட்கார்ந்த குழு அந்தத் தாளுக்கு முத்திரை வைத்தது. அவர்களில் ஒருவர் அந்த இரண்டு சொற்களை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும்.

பொம்பளை கூட வந்தால் பெண்கள் பயப்படமாட்டார்கள் என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். திருமழிசையைத் தாண்டி ஒரு ஏரிக்கரை, இருபது வீடு இருக்கலாம். இரண்டு மாணவர்கள் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். பேராசிரியர் கொஞ்ச நேரம் நின்று படம் எடுத்தார், வெயில் ஏறியதும் ஏசி வேனுக்குப் போய்விட்டார். கடைசியில் கைநாட்டு வாங்கும் வேலை என்னுடையது. நீல மை அட்டையை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு பெண்ணின் கட்டைவிரலையும் பிடித்து அழுத்தினேன். ஒரு பெண் மட்டும் கையைக் கொடுக்காமல் நின்றாள்.

“இன்னாத்துக்குமா இது?”

“காலேஜுக்குத்தான். ஒண்ணும் இல்ல. பயப்படாத.”

கையைக் கொடுத்துவிட்டாள். எல்லோருக்கும் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தோம். வேன் கிளம்பியபோது அந்தப் பெண்கள் விரல் மையை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

புத்தகம் வந்தது, விருதும் வந்தது. அட்டையில் ஒரு பெண் கையில் கிழங்கோடு நிற்கிறாள், பெயர் இல்லை. ஒரு பிரதியை எங்கள் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

போன வருடம் ஒரு பெண் ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள். இருளர் பெண். அவர்கள் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அறைக்குள் வந்தவள் சுவர் ஓவியத்தையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, இவங்கள்லாம் யாரு?”

“உங்க ஆளுங்கதான்னு சொன்னாங்க.”

“எங்க ஆளுங்களா? எங்க சித்தப்பா பேன்ட் போட்டுகினு லோடு ஆட்டோ ஓட்றாரு. வில்லு எங்க கீதுன்னு அவராண்ட கேக்கணும்.”

நான் சிரித்தேன். அந்த அறையில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அலமாரிப் பக்கம் திரும்பியவள் கண்ணாடியில் விரலை வைத்தாள். “இது எங்க அம்மா” என்றாள்.

சாவியை எடுத்துத் திறந்து புத்தகத்தைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடினாள். அம்மா பெயர் எங்கும் இல்லை. ‘தகவலாளி 4’ என்று இருந்தது. யார் இந்தப் படத்தை எடுத்தது என்று கேட்டாள். பேராசிரியர் பெயரைச் சொன்னேன். நானும் கூடப் போனதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. யாராவது விருந்தாளி வந்தால் கூப்பிட்டு அந்தச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். ஆண்டு விழாவுக்கு முன்பு மாணவர் நலன் பார்க்கும் சார் வந்து, “உங்க பாரம்பரிய டான்ஸ் ஏதாவது ஆடலாமே” என்றார்.

“கல்யாணத்துல டிஜே போட்டா ஆடுவேன் சார். அது பரவால்லியா?”

அவர் சிரித்துக்கொண்டே போனார். போகும்போது என்னிடம், “பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி” என்றார். அவளுக்கு நூலகத்தில் இடம் வேண்டும் என்று கொடுத்த விண்ணப்பம் நாலு மாதமாக அவர் மேஜையில்தான் இருந்தது. நான்தான் கொண்டுபோய் வைத்தேன், அதனால் தெரியும்.

அவள் எடுத்துக்கொண்டதும் அதே விஷயம்தான். வீட்டுமனை போட்ட பிறகு ஏரிக்கரையில் அவர்கள் அம்மாக்களுக்குப் பறிக்க என்ன மிச்சம் இருக்கிறது என்று எழுதப்போகிறாள். ஆனால் யார் சொன்னார்கள் என்று பெயர் போட்டு எழுதுவேன் என்றாள். அதற்கும் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். குழுவிடம் மூன்று முறைதான் போகலாம். அதற்குள் சம்மதப் படிவங்கள் சேராவிட்டால் பதிவு ரத்து, படிப்பு அதோடு முடிந்தது. குழு முத்திரை போட்ட படிவம் ஒன்றே ஒன்றுதான். நான் அடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனாள். விதியில் இருந்தபடி, எல்லோரையும் உட்கார வைத்து, தலைப்பிலிருந்து வாசித்துக் காட்டியிருக்கிறாள். இரண்டு சொற்களைத் தாண்டவில்லை. பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். ஒரு கிழவர் தாளை வாங்கிக் கிழித்துவிட்டார்.

திங்கட்கிழமை வந்து காரணத்தைச் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் தாய்மாமனை ஒரு திருட்டு வழக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். வானகரம் பக்கம் ஒரு அடுக்குமாடியில் வெள்ளி விளக்கு காணாமல் போயிருந்தது. அங்கே அவள் அம்மா பெருக்கித் துடைக்கும் வேலை செய்தாள், தம்பி எப்போதாவது அக்காவைப் பார்க்கப் போவான். அவ்வளவுதான் குற்றம். ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்து, எழுதிய ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். கோர்ட்டில் அரசு வக்கீல் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, ஒப்புதல் வாக்குமூலம், ஒப்புதல் வாக்குமூலம் என்று பத்து தடவை சொன்னாராம். அவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அந்த இரண்டு சொற்கள் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

“யாருக்கா இப்டி எழுதனது? காயிதத்தப் பார்த்தா எங்க மாமா கேஸ் கட்டு மாதிரியே கீது.”

எங்கே படித்தேன் என்று அப்போது ஞாபகம் வந்தது. செய்தித்தாளில், கொலைச் செய்திகளில். தெரியாது என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

முதல் கூட்டத்தில் படிவம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தலைப்பை மாற்றித் தரச் சொல்லி அவள் எழுதிக் கொடுத்தாள். இரண்டாவது கூட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட படிவத்தை மாற்ற முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது, நானும் உன்னோடு வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அவள் அம்மா வாசலில் கல் அடுப்பில் நத்தை வேக வைத்துக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“நீல மை டப்பா எடுத்தாந்த அம்மா தான நீ?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“ஒண்ணும் இல்லன்னு சொன்னியே. அந்த ஒண்ணும் இல்லாதத எடுத்துகினு போயி அட்டைல போட்டு வித்துக்கினீங்க. பிஸ்கட்டாவது நல்லதா குடுத்தீங்களா, அதும் நமுத்துப் போயி கெடந்துது.”

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாளை அடித்ததும் நான்தான் என்று அங்கேயே சொன்னேன். சொல் தெரியாமல் போட்டேன் என்றேன். அவள் அம்மா கரண்டியால் கிண்டிக்கொண்டே கேட்டாள்: “தெர்லன்னா எங்களாண்ட கேக்க வேண்டியதுதான? எங்களுக்கு அந்த வார்த்த நல்லாத் தெரியுமே.”

அப்படியானால் என்ன சொல் போடுவது என்று கேட்டேன். அப்போதுதான் முதல்முறையாக அவர்களிடம் கேட்கிறேன். அதற்கு என்ன பெரிய ஆராய்ச்சி என்பதுபோல் சொன்னாள்.

“‘நான் சொல்றேன்’னு போடு. கேட்டாங்க, சொன்னேன். வேணாம்னு தோணுச்சின்னா நிறுத்திக்குவேன். நான் சொன்னதுக்கு என் பேர் போடணும். படம் புடிச்சா என்னாண்ட காட்டணும். அவ்ளோதான். இதுக்கு எதுக்கு மூணு பக்கம்?”

அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்த பஸ்ஸில் மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பூந்தமல்லியில் நான் இறங்கும்போது, “பாத்து எறங்குங்க மேடம்” என்றாள். அதுவரை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அரைப் பக்கத்தில் அடித்துக் கொடுத்தேன். தலைப்பு ‘நான் சொல்கிறேன்’. புதன்கிழமை கூட்டத்துக்குள் ஒன்பது பெண்கள் போட்டுக் கொடுத்தார்கள். ஐந்து பேர் கைநாட்டு, அதன் கீழே அவரவர் பெயர். நாலு பேர் கையெழுத்து. அவள் அம்மா மகளிடம் கற்றுக்கொண்டு கோணல்மாணலாகப் பெயரை எழுதியிருந்தாள், கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

மூன்றாவது கூட்டத்துக்கு டீ கொண்டுபோனது நான்தான். ஐந்து பேர். அதில் அந்தப் பேராசிரியரும் ஒருவர். தலைவர் அம்மா தாள்களை விரல் நுனியால் தள்ளிப் பார்த்தார்.

“இதுல சீல் இல்லையேம்மா. சீல் இருக்கற ஃபார்ம்ல உங்க அம்மாவே கையெழுத்து போடலேன்னா, உங்களை நாங்க எப்படி நம்பறது?”

“படிச்சுக் காட்டினேன் மேடம். அதனாலதான் போடல.”

பேராசிரியர் சிரித்தார். “அங்கதான் தப்பு பண்ணிட்டே. வரிக்கு வரி படிச்சா பயந்துடுவாங்க. அவங்க பாஷையில சுருக்கமா சொல்லி வாங்கணும்.”

“அவங்க பாஷைதான் சார் எனக்கும்.”

“கோவப்படாதே. நாங்க உனக்கு சப்போர்ட் பண்ணத்தான் இருக்கோம்.”

நான் டீயை வைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஆதரவு மையம், ஆதரவுக் குழு, ஆதரவு விழா. நாற்காலி உடைந்தால் போடுகிற அறைக்குத்தான் அந்தப் பெயர். வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கியவருக்கு விருது, வாசித்துக் காட்டியவளுக்குப் பதிவு ரத்தாகப்போகிறது. இவ்வளவு பெரிய கட்டிடத்தில் இது ஒருவருக்கும் தலைகீழாகத் தெரியவில்லை.

தலைவர் அம்மா பேராசிரியரைப் பார்த்துக் குரலைத் தணித்து, “தலைப்பு தப்புன்னு இப்ப மாத்தினா, உங்க ப்ராஜெக்ட்ல வாங்கினது எல்லாம் கேள்விக்கு வரும் சார்” என்றார். டீ கொடுப்பவளுக்குக் காது இல்லை என்று நினைத்துவிட்டார்.

“அந்த வார்த்தைய நான்தான் அடிச்சேன்” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது, எல்லோரும் திரும்பினார்கள்.

“நான் பத்தாவது. எனக்குத் தெரியல, அடிச்சிட்டேன். நீங்க படிச்சவங்க, சீல் வெச்சீங்க. அன்னிக்கு ஏரிக்கரையில ஒருத்தருக்கும் வாசிச்சுக் காட்டல. ஒண்ணும் இல்லன்னு சொல்லி விரலைப் புடிச்சு அமுக்கினது நான்தான். சார் வேன்ல இருந்தாரு.”

எல்லாம் வெளியே வந்துவிட்டது.

பேராசிரியர் முகம் மாறியது. பிறகு சமாளித்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: “பாருங்க, இதுதான் நிஜமான ஒப்புதல் வாக்குமூலம்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அந்தச் சிரிப்பை மறக்கமாட்டேன். அந்தப் பெண் தாள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, “எழுதிக் குடுங்க மேடம்” என்றாள். தலைவர் அம்மாவிடம் சொல்கிறாளா, என்னிடம் சொல்கிறாளா என்று முதலில் புரியவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினேன். எந்த மாதம் வேனில் போனோம், யார் வந்தார்கள், என்ன சொல்லிக் கைநாட்டு வாங்கினோம், அந்தப் பெண் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன். ஒரு பக்கம் வந்தது. தட்டச்சு செய்யவில்லை, கையால்தான் எழுதினேன். அவள் பக்கத்தில் நின்று வாசித்து, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னாள். கையெழுத்துப் போட்டு, பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றும் குழுவுக்கு ஒன்றுமாகக் கொடுத்தோம். சாயந்திரம் மணி ஐந்தாகிவிட்டதால் வாங்கி வைத்துக்கொண்டார்கள், முத்திரை நாளைக்கு என்றார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. பத்து மணிக்கு என் கடிதத்தின் நகலில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். பதினொன்றரைக்கு என்னைத் தேர்வுத்தாள் கிடங்குக்கு மாற்றி உத்தரவு வந்தது. மையத்தின் சாவியையும் அலமாரிச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். அவள் பதிவை ரத்து செய்யவில்லை, அனுமதியும் கொடுக்கவில்லை. ஃபைல் மேல் ‘நிலுவை’ என்று எழுதியிருந்தது. அன்றும் அவள் வழக்கமான பஸ்ஸில் வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.